அவர்களை விட்டுவிட்டுக் கையெழுத்து வேண்டாம்



நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு முன்னால் வாயிற்கூட்டம். நிர்வாகம் நீட்டியிருக்கும் வரைவைப் படித்தீர்களா? நிரந்தரத் தொழிலாளிக்கு ஊதிய உயர்வு உண்டு. அதே மெஷினில் நம் தோளுரச நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், அவர்கள் விஷயத்தை அடுத்த முறை பார்ப்போம்" என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நிர்வாகம் எதிர்பார்த்திருக்கிறது.

இந்தப் பிளவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அடித்தளம் போட, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். மூன்றே ஆண்டில், 1921இல், பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் அந்த ஒற்றுமை உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலையை விடவில்லை, ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றார். உடனே அவர்களுக்குக் கருங்காலிப் பட்டம்! ஊருக்குள் தள்ளிவைத்த மனிதனை ஆலைவாசலில் மட்டும் தோழர் என்றழைத்தால் அவன் எதை நம்பி வருவான்? அடுப்பு அணைந்தால் அவன் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள்? இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் தொழிலாளர் மாண்டார்கள். அக்டோபரில் போராட்டம் தோற்றது. வென்றது மில் நிர்வாகம் ஒன்றுதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் சாலையில் அமர்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். சங்கம் காதுகொடுக்காத குரல் சங்கத்துக்கு வெளியே எழுந்தது. அது அவர்களுக்குப் பெருமை, சங்கங்களுக்கு எச்சரிக்கை.

பலவீனமானவனைப் பார்த்து "எங்கள் பின்னால் வா" என்பதை ஒற்றுமை என்று நான் ஏற்கமாட்டேன். அவனுடைய கோரிக்கை நம் சாசனத்தின் முதல் வரியாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி மலிவாகக் கிடைக்கும்வரை நம் நிரந்தரமும் நிரந்தரமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே நாளை அவர்களை உடன் அழைத்து வாருங்கள். மேடையில் முதலில் அவர்கள் பேசட்டும். பேச்சுவார்த்தைக் குழுவில் அவர்களில் இருவரைச் சேர்ப்போம். போராட்டத்தால் வேலையிழக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சங்க நிதியிலிருந்து அரிசியும் வாடகையும் போகும் என்று அங்கேயே தீர்மானம் போடுவோம். கேண்டீனில் அவர்களுக்கென்று இருக்கும் தனி வரிசையில் நாளை மதியம் நாமும் போய் நிற்போம். அவர்கள் கோரிக்கை சேரும்வரை நிர்வாகத்தின் வரைவில் எவரும் கையெழுத்திடக் கூடாது!