காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்தில் அலங்காரக் காற்றாலை இருக்கிறதா? பலத்த காற்றில் அது சாய்ந்துவிட்டால், இன்னும் தடித்த கம்பி, இன்னும் இறுக்கமான கட்டு என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அழகாகச் சுழலும் காற்றாலை, 80 கிலோமீட்டர் காற்றில் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் திடீர்க் காற்று அந்த வேகத்தை எட்டக்கூடியது. 1984 ஏப்ரல் 25ஆம் தேதி சிங்கப்பூரின் தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவானது.

மின்சாரம் தயாரிக்கும் பெரிய காற்றாலைகளே இதை எதிர்த்து நிற்பதில்லை. காற்று வினாடிக்கு 25 மீட்டர் அளவை நெருங்கினால், அவற்றுள் பல இறக்கைகளைத் திருப்பிக் காற்றை நழுவவிட்டு ஓய்ந்துவிடும்.

நாமும் அப்படியே செய்வோம். இறக்கையைக் கயிற்றால் கட்டினால் சுழற்சி நிற்கும். தள்ளும் விசை நிற்காது. ஆகவே, இறக்கைப் பகுதியைக் கழற்றி எடுக்கும்படி பொருத்துங்கள். கம்பம் குட்டையாக இருக்கட்டும். உயரம் கூடினால் அடியைப் பெயர்க்கும் திருப்புத்திறனும் கூடும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் இக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வீசும். எச்சரிக்கை வந்தால் முதல்நாள் இரவே கழற்றி உள்ளே வையுங்கள். இடி கேட்ட பிறகு உலோகக் கம்பத்தின் பக்கம் போகவே வேண்டாம். காற்றாலையை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.