ரிவெட் அடிக்க இருவர் வேண்டும்

போர் விமானம், கவச வண்டி, போர்க்கப்பல் ஆகியவற்றை விகிதம் பிசகாமல் சிறிய அளவில் செய்து பார்ப்பது நம் நாட்டில் பலரும் அறியாத பொழுதுபோக்கு. பெங்களூரில் இதில் ஈடுபாடு கொண்டோர் கணிசமாக உண்டு. நம் நண்பர் வட்டத்திலேயே மென்பொருள் பொறியாளர், மருத்துவர், வங்கி அலுவலர், ஓய்வுபெற்ற படைவீரர் எனப் பல துறையினர் இருக்கின்றனர். விடுமுறை நாள்களில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஒட்டுவதும் தீட்டுவதும் உரையாடுவதுமாகப் பொழுது கழியும். "வளர்ந்தவர்களுக்கு எதற்கு இந்தப் பொம்மை?" என்று வீட்டார் கேட்பதும் இயல்பே. பெங்களூரில் வாழும் நமக்கு இந்தப் பொம்மையின் பெயரால் ஒரு கடமை உண்டு என்பது நம் கருத்து.

விமான மாதிரிகளில் பெரிதும் வழங்கும் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அந்த அளவில் ஓர் அங்குலம் ஆவார். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வண்ணம் தீட்டி, நிறைவாக நீரில் ஊறவைத்த சின்னங்களை ஒட்ட வேண்டும். ஒரு மாதிரிக்குப் பல வாரங்கள் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், வானில் பறப்பது யாருடைய விமானம் என்று வீரர்கள் கண்டறியப் பழகுவதற்காக 5 லட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அவையும் இதே அளவில் அமைந்தவையே. இறக்கையின் சாய்வு சற்றே பிசகினாலும் நண்பனைப் பகைவன் என்று எண்ணிச் சுட நேரிடலாம். குறை காணும் கண் இந்தக் கலைக்கு அன்று முதலே உரியது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமாகிய எச்.எஃப்.24 மாருத், 1961 ஜூன் 17 அன்று பெங்களூர் வானில் முதன்முதலாகப் பறந்தது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானமும் அவர் படைப்பே. 1971 போரில் ராஜஸ்தான் எல்லைப் பகுதியில் மாருத் களம் கண்டது. மொத்தம் 147 மாருத் விமானங்கள் உருவாயின. ஆயினும் டாங்கின் ஜெர்மன் விமானத்துக்கு எத்தனையோ நிறுவனங்களின் மாதிரிப் பெட்டிகள் எளிதில் கிடைக்கின்றன. மாருத்துக்கு ஒரு பெட்டி தேடினால் நெடுநாள் காத்திருக்க வேண்டியுள்ளது. பிற நாட்டார் தம் வரலாற்றை அச்சில் வார்த்துக் கடையில் வைத்திருக்கிறார்கள். நம் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் சிலரது நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது.

அந்தச் சிலர் நமக்கு அயலார் அல்லர். விமானத் தொழிற்சாலையில் உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. அப்படி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நம் மேசைக்கு வந்தபோது, சுமார் 22 சென்டிமீட்டர் நீளமுள்ள மாருத் மாதிரி ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும் சார். வெளியே ஒருத்தர் அடிப்பார், உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டியை வச்சுத் தாங்கிப் பிடிப்பார். உள்ளே இருக்கிறவர் முகம் யாருக்கும் தெரியாது," என்றார். உள்ளே தாங்கிப் பிடித்த தம் நண்பரின் பெயரையும் சொன்னார். எந்த நூலிலும் நாம் காணாத செய்தி அது. கையில் அந்தச் சிறு விமானம் இல்லாதிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். நமக்கும் கேட்கத் தோன்றியிருக்காது.

போர்க்கருவியைக் கொண்டாடலாமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் விமானியின் இருக்கையில் ஓர் அங்குல உருவைப் பொருத்துகிறவர், அங்கே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார் என்பதை எளிதில் மறப்பதில்லை. மாருத்தை முதன்முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் அதன் திருத்திய வடிவம் ஒன்றைச் சோதித்தபோது விபத்தில் உயிரிழந்தார். பழைய விமான நிலையச் சாலையோடு சேரும் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே செல்வோரில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

வங்கியில் பணிபுரிவோர் என்ற முறையில் செலவு பற்றியும் ஒரு சொல். மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன, விலை குறைவன்று. இதில் ஈடுபட்டோரின் அலமாரிகளில் பிரிக்காத பெட்டிகள் குவிவது உலகெங்கும் உள்ள வழக்கம். வாங்கியதை முடித்த பின்பே அடுத்ததை வாங்குவது, கடன் அட்டையை இதற்கு நீட்டாதிருப்பது ஆகிய இரண்டு விதிகள் போதும். பெட்டி காத்திருக்கும். முதியவரின் நினைவு காத்திராது. 1961இல் இருபது வயதில் பணியில் சேர்ந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும், கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்திலும் மாருத் விமானத்தை நேரில் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலோ அண்டையிலோ தொழிற்சாலையில் உழைத்த பெரியவர் இருந்தால் அவரையும் உடன் அழையுங்கள். எந்தப் பிரிவில் இருந்தார், எந்த ஆண்டு சேர்ந்தார், உடன் உழைத்தவர் யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நாளும் பெயரும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.