பெயருக்கும் ஒரு பைண்டிங்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. ஒப்புதல் பக்கத்தில் நான்கு வரி மாற்றினால் போதும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போதாது. 2023 சட்டத்தின் 8, 12 ஆகிய பிரிவுகள் நேராக நம் ரூட்டுகளில்தான் கைவைக்கின்றன. ஒருவர் தன் தரவை அழிக்கச் சொன்னால், சட்டப்படி வைத்திருக்க வேண்டியது போக மற்றதெல்லாம், அது போய்ச் சேர்ந்த எண்ட்பாயிண்ட் ஒவ்வொன்றிலும் அழிய வேண்டும். நமக்காகத் தரவைக் கையாளும் வெளி நிறுவனமும் இதில் அடக்கம்.

இதழின் நிலைப்பாடு இது: தனிநபர் தரவு போகும் எந்த எண்ட்பாயிண்டிலும் இனி மேப்பிங்கைத் தனித்தனியாக எழுதக் கூடாது. அந்த மேப்பிங்கை எண்ட்பாயிண்டோடு கட்டும் பைண்டிங்கை ஒருமுறை எழுதுங்கள், பதிப்பு எண் கொடுங்கள், வேண்டிய எண்ட்பாயிண்டுகளில் எல்லாம் மாட்டுங்கள். யோசனை புதிதல்ல, அப்பாச்சி கேமல் 2013-லேயே, 2.11 பதிப்பில், இதைத் தந்தது. பொதுவான பைண்டிங்கைத் தொட்டால் எல்லா ரூட்டும் ஆடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் பதிப்பு எண். எந்த எண்ட்பாயிண்ட் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்பது கான்ஃபிகில் தெரிய வேண்டும்.

சாரல் சீசனில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து மா. இசக்கிமுத்து அறை பதிவுசெய்கிறார். முன்பதிவு ஆப்பில் ஃபர்ஸ்ட்நேம் ‘மா’, லாஸ்ட்நேம் ‘இசக்கிமுத்து’. பில்லிங்கில் அப்படியே தலைகீழ். சிஆர்எம்மில் இனிஷியலையே காணோம். லாஸ்ட்நேம் காலியாக இருக்கக் கூடாதே என்று யாரோ ஒரு டெவலப்பர் அங்கே ஒரு புள்ளி வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். அழிப்புக் கோரிக்கை பெயரையும் மொபைல் எண்ணையும் சேர்த்துத் தேடுகிறது. ஓரிடத்தில் அழிகிறது, இரண்டு இடத்தில் தங்கிவிடுகிறது. லாகில் மட்டும் 200 ஓகே.

ஒருவரைப் பற்றி முடிவெடுக்கவோ இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவோ பயன்படும் தரவு முழுமையாக, துல்லியமாக, முரணின்றி இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 8(3). நல்லது. இதைச் சொல்லும் அரசு தன் வீட்டில் செய்து வைத்திருப்பது என்ன? பான் விண்ணப்பத்தில் லாஸ்ட்நேம் கட்டாயம், இனிஷியல் ஆகாது. ஆதாரிலோ பெயருக்கு ஒரே ஃபீல்டு. பிறகு இரண்டையும் 2023 ஜூன் 30-க்குள் இணை, 1,000 ரூபாய் கட்டு, இல்லாவிட்டால் பான் செயலிழக்கும் என்றார்கள். பெயர் பொருந்தாமல் அலைந்தவர்கள் யார் போட்ட ஸ்கீமாவுக்காக அலைந்தார்கள்? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, கடையநல்லூர்ப் பக்கம் எத்தனை வீட்டில் வயிற்றைக் கலக்கியிருக்கும்? முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுங்கள் என்றது மாநில அரசு, 2021-ல். எழுதுகிறோம் ஐயா, எந்த ஃபீல்டில்?

தனியார் மென்பொருளும் இதற்கு விலக்கல்ல. சேல்ஸ்ஃபோர்ஸில் காண்டாக்ட் உருவாக்க லாஸ்ட்நேம் கட்டாயம். நம் தென்காசியில் வளர்ந்த ஸோஹோ டெஸ்க்கிலும் அதே கதைதான். அப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் ஊரில் உட்கார்ந்து எழுதினாலும், உலகச் சந்தையின் ஸ்கீமாதான் செல்லுபடியாகிறது.

ஆகவே முதலில் எழுத வேண்டியது பெயருக்கான பைண்டிங். அதில் மூன்று ஃபீல்டு: அவரே எழுதியபடி முழுப்பெயர், தனியாக இனிஷியல், அவர் கொடுத்தால் மட்டும் அதன் விரிவு. லாஸ்ட்நேம் கேட்டு அடம்பிடிக்கும் எண்ட்பாயிண்டுக்கு எதை அனுப்புவது என்ற விதியும் அந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். அழிப்புக்கு ஆளைப் பெயரால் தேடாதீர்கள். எண்ட்பாயிண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஐடி போகட்டும்.

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான். லாஸ்ட்நேம் கட்டாயமில்லாத பொதுப் பெயர் ஸ்கீமாவை, அரசின் எல்லா ஏபிஐக்கும் சேர்த்து, 2027 மேக்கு முன்பே வெளியிடுங்கள். அதைச் செய்துவிட்டு, 8(3)-ஐ மீறினால் 50 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எங்களிடம் சொல்லுங்கள்.