கடல் தாண்டிய சோறும் தெருத் தாண்டாத சோறும்

புதுச்சேரிக்காரர்கள் சைகோனுக்குப் பிழைக்கப்போன கதை நம் வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்ததேயாகும். 1862-ல் பிரஞ்சுக்காரன் கொச்சின் சீனாவைப் பிடித்துக்கொண்ட பிறகு, இங்கிருந்து கப்பலேறியவர்கள் போலீசிலும் சுங்கத்திலும் கச்சேரிகளிலும் உத்தியோகம் பார்த்தார்கள்; பட்டாளத்தில் சேர்ந்தார்கள்; மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தியவர்களும் உண்டு.

அங்கே இவர்கள் பட்டினியா கிடந்தார்கள்? பக்கத்து வீட்டு வியட்நாம்காரி சமைத்துக் கொடுத்ததைத் தின்றார்கள். தங்கள் வீட்டுக் குழம்பை அவளுக்குக் கொடுத்தார்கள். மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாற்றை முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள்கூட, பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது என்றார்கள். சமைத்தவள் என்ன ஜாதி, என்ன கோத்திரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு விளங்கியும் இருக்காது. சைகோனில் இவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. அந்நாட்டு ஜனங்கள் கொண்டுவந்து வைக்கும் படையலை அந்த அம்மனும் ஜாதி விசாரிக்காமல்தான் ஏற்றுக்கொண்டு வருகிறாளாம்!

இதையெல்லாம் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அரிசித் தகட்டில் கொத்திய இறைச்சியையும் சேமியாவையும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் 'நெம்' இன்றைக்கும் புதுச்சேரி வீடுகளில் செய்யப்படுவது அந்த உறவினால் வந்த லாபமேயாகும்.

நிற்க, ஊருக்குத் திரும்பியபின் நடப்பது என்ன? நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாத்தா சைகோனில் இருந்தவர். விசேஷ நாளென்றால் அங்கே நெம் இல்லாமல் இலை போடமாட்டார்கள். தெருக் கூட்டும் அம்மாளுக்கும் அதில் நாலு கொடுத்தனுப்புவார்கள். ஒரு சமயம் அந்த அம்மாள் தன் வீட்டுக் கொழுக்கட்டையைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தார். "மகராசியாயிரு" என்று வாங்கி, அவர் தலை மறைந்ததும் கொல்லையிலிருந்த மாட்டுக்கு வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்த பண்டம் அடுப்பங்கரைக்குள் போகலாம். அடுத்த தெருவிலிருந்து வந்தது போகக்கூடாது!

கொடுப்பதை ஜாதி ஒருநாளும் தடுத்ததில்லை. மீந்ததைக் கொடுப்பது புண்ணியம் என்றுகூடச் சொல்லும். வாங்கித் தின்பதைத்தான் தடுக்கிறது. ஆதலால் "நாங்கள் எல்லோருக்கும் கொடுக்கிறோமே" என்று ஒருவர் பெருமை பேசினால், யார் கையால் வாங்கித் தின்றீர் என்றே நாம் கேட்க வேண்டும்.

இது படியாதவர் குணமென்றும் சொல்லமுடியாது. வ.வே.சு. ஐயர் லண்டனில் சட்டம் படித்தவர். 1910 முதல் பத்து வருஷம் இதே புதுச்சேரியில் தங்கினவர். அப்பேர்ப்பட்டவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில்தான் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போடப்பட்டு, 1924, 25-ல் நாடே கொதித்தது. எல்லோரோடும் உண்பதில் தமக்கு ஆட்சேபணையில்லை, பெற்றோருக்குக் கொடுத்த வாக்குத்தான் தடை என்றார். காசு கொடுத்த மற்றவர்களின் பிள்ளைகளுக்கு என்ன வாக்குக் கொடுத்தாரோ!

இன்றைக்குப் பாரிசிலிருக்கும் நம் பிள்ளைகள் பொங்கலன்று அண்டை வீட்டு வெள்ளைக்காரரை அழைத்து விருந்து வைக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் போய்ச் சாப்பிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பாட்டி தெருவெல்லாம் காட்டி மகிழ்கிறார். மிகவும் சந்தோஷமே. அந்தப் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது பாட்டியையும் கையோடு அழைத்துக்கொண்டு, அந்தத் தூக்குவாளி அம்மாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒருவேளைச் சாப்பிட்டு வருவார்களா? பாட்டி வர மறுத்தால், பிள்ளைகளாவது போகட்டும்.