வராதவர்களின் கணக்கு எங்கே?

இந்தியாவில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. எந்தச் சிகிச்சை பலிக்கிறது என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவரை வைத்துத்தான். மீதி 37 பேர்?

அவர்களில் ஒருவர் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துபவராக இருக்கலாம். சிவகாசி வட்டாரத்து ஆலைகளில் மருந்து என்றால் வெடிமருந்துதான். அலுமினியத் தூள் படிந்து விரல்கள் வெள்ளியாய் மின்னும். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. நாள்பட்டுக் குடிப்பவருக்குப் போதை இறங்கிய காலையில் கை நடுங்கும். உராய்வே தீயாகும் அறையில் அந்த நடுக்கம் பக்கத்தில் இருப்பவர் உயிரையும் வாங்கிவிடும். போர்மேன் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறார். இவரா சிகிச்சை ஆய்வில் சேரப் படிவத்தில் கையெழுத்துப் போட வருவார்?

வருபவர், விடுப்பு எடுக்க முடிந்தவர். வீட்டார் கைபிடித்து அழைத்து வந்தவர். குடியை விட வேண்டும் என்று பாதி முடிவெடுத்துவிட்டவர். அவர் குணமானதில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்பதை, சிகிச்சை பெறாத குழுவோடு ஒப்பிட்டு ஓரளவு கண்டுபிடிக்கலாம். வராதவருக்கு அதே சிகிச்சை பலிக்குமா என்பதை எந்த ஒப்பீடும் சொல்லாது.

முன்வருபவர்களையும் எல்லா ஆய்வுகளும் சேர்த்துக்கொள்வதில்லை. அமெரிக்கக் குடிநோய் ஆய்வுகளின் சேர்க்கை விதிகளை 2000இல் கீத் ஹம்ஃப்ரீஸ், கான்ஸ்டன்ஸ் வைஸ்னர் இருவரும் அலசினார்கள். அதிகம் கழித்துக்கட்டப்பட்டவர்கள் ஏழைகள், கறுப்பினத்தவர், நோய் முற்றியவர்கள்.

கோவாவில் ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஆண்களிடம் குடிப்பழக்கத்தைக் கேட்டறிந்து, கேடு தரும் அளவு குடித்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களைக் கொண்டே ஆலோசனை தந்தார்கள். 2017இல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவுப்படி, மூன்று மாதத்தில் மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26. அங்கும் சம்மதித்தவர்கள் மட்டுமே சேர்ந்தார்கள். ஆனால் போதை மீட்பு மையத்தைத் தேடி வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அந்தப் பட்டாசு ஆலைகள் இருக்கும் மாவட்டத்தில், விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் விடுமுறை நாளில் ஊருக்குள் போக வேண்டும். சிகிச்சையால் இழக்கும் கூலியை அரசு ஈடுகட்ட வேண்டும். பெயர் ஆலைக்குப் போகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். இந்த மூன்று எண்களும் இல்லாத வெற்றிச் சதவீதத்தை நம்பி எந்தப் போதை மீட்பு மையத்துக்கும் அரசு பணம் ஒதுக்கக் கூடாது.