ஓட்டுநரின் மாத மதிப்பு 900 ரூபாய்

தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் குடியிருக்கும் கார் ஓட்டுநர்களின் காலைப்பொழுது விந்தையானது. விடியுமுன் எழுந்து, சயான் வரை நடந்து, பேருந்து பிடித்துச் செம்பூர் செல்ல வேண்டும். அங்கே ஏதோ ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் நிறுவனக் காரைத் துடைத்து, அதிகாரி இறங்கி வரும்வரை காத்திருந்து, அவரை ஏற்றிக்கொண்டு பாந்த்ரா–குர்லா வளாகத்திற்கு வரவேண்டும். அந்த வளாகம் மித்தி ஆற்றின் அக்கரை, இக்கரை தாராவி. தம் வீட்டின் எதிர்க்கரைக்கு வந்துசேர அந்த உழைப்பாளி செம்பூர் வரை போய்த் திரும்புகிறார். 2019 நவம்பரில் சுனாபட்டி மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு, அந்தக் கார் சயான், தாராவி நெரிசலுக்குள் நுழைய வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

இந்த ஓட்டுநரின் ஒரு மாத உழைப்புக்கு 2026 மார்ச் வரை இந்திய வருமான வரி விதிகள் குறித்திருந்த மதிப்பு 900 ரூபாய். நாளொன்றுக்கு 30 ரூபாய். பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணச் சீட்டு மூன்று வாங்கலாம்.

அவருக்கு அந்த ஊதியம்தான் தரப்படுகிறது என்பதல்ல இதன் பொருள். நிறுவனம் ஓர் அதிகாரிக்குக் காரும் ஓட்டுநரும் தந்தால், அது அவருக்குக் கிடைக்கும் ஊதியத்தின் ஒரு பகுதி. பணமாகத் தராமல் பொருளாகத் தரப்படும் இத்தகைய பயனைச் சட்டம் ‘பெர்க்விசிட்’ என்கிறது. தமிழில் மேற்பயன் எனலாம். மேற்பயனுக்கு ஒரு விலை மதித்து, அதை ஊதியத்தோடு கூட்டி, அதன்மீது வரி வாங்குவது முறை. 2026 மார்ச் வரை அந்த மதிப்பீட்டைச் செய்தது 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் மூன்றாம் விதி. அலுவலுக்கும் சொந்தத் தேவைக்குமாகப் பயன்படும் நிறுவனக் காரின் எஞ்சின் 1.6 லிட்டருக்கு மேற்படாவிட்டால் மாதம் 1,800 ரூபாய். மேற்பட்டால் 2,400 ரூபாய். ஓட்டுநர் இருந்தால் கூடுதலாக 900. எரிபொருள், பழுது, காப்பீடு அனைத்தும் நிறுவனத்தின் செலவு. காரின் விலை பத்து லட்சமா, ஒரு கோடியா என்று விதி கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரின் குத்தகைத் தொகை மாதம் 40,000 ரூபாய், எரிபொருளும் பராமரிப்பும் 10,000, ஓட்டுநரின் ஊதியம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 70,000, ஆண்டுக்கு 8,40,000 ரூபாய். இதே தொகையை நிறுவனம் ஊதியமாகத் தந்திருந்தால், 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருக்கும் அதிகாரி 4 விழுக்காட்டு மேல்வரியும் சேர்த்து 2,62,080 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். காராகத் தந்தபோதோ, அந்த விதிப்படி 2,400உம் 900உம் சேர்ந்த 3,300 ரூபாய்தான் மாதக் கணக்கில் ஏறியது. ஆண்டுக்கு 39,600. அதற்குரிய வரி 12,355 ரூபாய். ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய் கருவூலத்திற்கு வராமலே போனது. இதில் களவு ஏதுமில்லை. படிவம் 12பிஏவில் முறையாக எழுதி, கையொப்பமிட்டுச் செய்யப்பட்டது. குத்தகைக் காரை ஊதியத் தொகுப்பின் அங்கமாக்கி, அதனால் மிச்சமாகும் வரியை எடுத்துக்காட்டியே ஆட்களை ஈர்ப்பது இன்று நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. நிறுவனத்தின் ஏட்டில் இந்தச் செலவு தொழிற்செலவு. அதன் இலாபத்திலிருந்து கழிபடுகிறது.

8,40,000 ரூபாய்ப் பயனுக்கு 12,355 ரூபாய் வரி என்றால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. அந்தக் காரை ஓட்டுபவரின் கணக்கு என்ன? மகாராஷ்டிரத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் ஆண் தொழிலாளி ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில் வரி கட்டுகிறார்: பதினொரு மாதம் 200, பிப்ரவரியில் 300. 20,000 ரூபாய் ஊதியக்காரருக்கு அது நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். பல லட்சம் வாங்கும் அதிகாரிக்கும் அதே 2,500தான் உச்சவரம்பு. 1988இல் அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவில் வைக்கப்பட்ட வரம்பு அது. இதற்குமேல் சோப்பு முதல் செருப்பு வரை ஓட்டுநர் வாங்கும் ஒவ்வொன்றிலும் சரக்கு மற்றும் சேவை வரி இருக்கிறது. அங்கே எந்த விதியும் அவருக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டுவதில்லை.

இன்னும் வியப்பானது வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் பயணம். நிறுவன வாகனத்தில் வீட்டிலிருந்து பணியிடத்திற்கும், பணியிடத்திலிருந்து வீட்டிற்கும் செல்வது ஒரு பயனாகவே கருதப்படமாட்டாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விளக்கம் தந்தது. தொழிலாளரை ஏற்றிச்செல்லும் ஆலைப் பேருந்துக்கு அந்த விளக்கம் பொருந்துவது நியாயமே. ஆனால் செம்பூரிலிருந்து ஒற்றை ஆளைச் சுமந்துவரும் காரையும் அது ஒரே தட்டில் வைத்தது. அலுவலுக்கும் இந்தப் பயணத்துக்கும் மட்டுமே கார் பயன்படுகிறது என்று காட்டிவிட்டால் 2,400 ரூபாயும் மறைந்து மதிப்பு சுழியமானது. நாள், சென்ற இடம், கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்த பயணப் பதிவேடும் நிறுவனத்தின் சான்றும் போதும். பதிவேட்டை எழுதுபவர் பெரும்பாலும் ஓட்டுநர்தான். ஞாயிற்றுக்கிழமை லோனாவாலா போய்வந்ததை எப்படி எழுதுவது என்று தீர்மானிப்பவர் அவர் அல்லர்.

அதே காலையில் ஓட்டுநர் சயானிலிருந்து செம்பூர் சென்ற பேருந்துச் செலவோ அவர் சட்டைப்பையிலிருந்து போனது. 2025 மே 9 அன்று பெஸ்ட் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆகவும், குளிரூட்டிய பேருந்தில் 6 ரூபாயிலிருந்து 12 ஆகவும் ஒரே நாளில் இரட்டித்தது. நட்டம் என்று காரணம் சொல்லப்பட்டது. சயானுக்குத் தெற்கே ஆட்டோவும் ஓடாத நகரம் இது. மாட்டுங்காவாசிக்கும் தாராவிவாசிக்கும் பேருந்தை விட்டால் மின்தொடர்வண்டிதான்.

கட்டணத்தை இரட்டிக்கத் தெரிந்த ஆட்சியமைப்புக்கு, 2026 வரை கார் மதிப்பீட்டை மட்டும் தொடக் கை வரவில்லை. 2001இல் இத்தொகைகள் 1,200, 1,600 எனவும் ஓட்டுநருக்கு 600 எனவும் இருந்தன. 2005இல் ப. சிதம்பரம் கொண்டுவந்த மேற்பயன் வரி, கார்ச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாகக் கொண்டு அதன்மேல் 30 விழுக்காட்டை நிறுவனத்திடமே வாங்கியது. முதலாளிகள் சங்கங்கள் நான்காண்டு முழங்கின. 2009இல் பிரணாப் முகர்ஜி அதை நீக்கினார். அவ்வாண்டு வகுக்கப்பட்டவையே 1,800, 2,400, 900 என்னும் இந்தத் தொகைகள். விலைவாசி தெரியாததால் அவை 2026 வரை அப்படியே நின்றன என்று கூற இயலாது. சொத்து விற்போரின் ஆதாய வரியைக் கணக்கிட இதே வருமான வரித்துறை ஆண்டுதோறும் பணவீக்கக் குறியீடு வெளியிடுகிறது. 2009-10இல் 148ஆக இருந்த அது 2025-26இல் 376. அந்தக் குறியீட்டைப் பொருத்தினால் 2,400 ரூபாய் 2025-26இல் 6,000ஐத் தாண்டியிருக்கும். ஓட்டுநருக்கான 900 ரூபாய் 2,286 ஆகியிருக்கும். உடைமையாளரின் ஆதாயத்தைச் சுருக்கிக் காட்ட எடுக்கப்பட்ட அளவுகோல், அதிகாரியின் பயனை அளக்க எடுக்கப்படவில்லை.

முதலாளித்துவ நாடுகளிலேயே இதைவிடக் கண்டிப்பான கணக்கு உண்டு. ஜெர்மனியில் நிறுவனக் காரின் பட்டியல் விலையில் மாதம் 1 விழுக்காடு ஊழியரின் வருமானமாகக் கொள்ளப்படும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 0.03 விழுக்காடு கூடும். 20 லட்சம் ரூபாய்க் காரையும் பத்து கிலோமீட்டர் தொலைவையும் அந்த வாய்பாட்டில் போட்டால் மாதம் 26,000 ரூபாய். பழைய இந்தியக் கணக்கில் 2,400. பிரிட்டனில் 2002 முதல் காரின் விலையோடு அது உமிழும் கரியமில வாயுவின் அளவும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. புகை மிகுந்த காருக்கு ஆண்டு மதிப்பு பட்டியல் விலையில் 37 விழுக்காடு வரை போகும். மின்காருக்கு இரு நாடுகளிலும் சலுகை உண்டு. இந்தியாவின் பழைய விதியோ எஞ்சினின் கொள்ளளவைத் தவிர வேறொன்றையும் அறியவில்லை. மின்காரில் அளப்பதற்கு எஞ்சினே இல்லை.

‘எளிமைக்காகத்தான் ஒரே தொகை’ என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். விலையில் இத்தனை விழுக்காடு என்பதும் எளிமைதான். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு. விற்பனைக்காக ஊர் ஊராக அலையும் ஊழியருக்குக் கார் ஒரு கருவி என்பதும் உண்மையே. முழுக்க அலுவலுக்குப் பயன்படும் காருக்கு விலக்குத் தரும் பிரிவைத் தொட வேண்டிய தேவையில்லை. இதனால் வரும் வருவாய் நாட்டின் பற்றாக்குறையை அடைத்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் யாரிடம் எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஓர் அரசின் வர்க்கச் சார்பு தெரிகிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாடகைக்குக் குடியிருக்கும் வங்கி ஊழியரைப் பார்க்கலாம். ஊதியம் 12.75 லட்சத்தைத் தாண்டாவிட்டால் புதிய வரி முறையில் அவருக்கு வரி இல்லை. தாண்டிவிட்டாலோ, மும்பை வாடகைக்கென இருந்த வீட்டு வாடகைப்படி விலக்கு அந்த முறையில் கிடையாது. விலக்குகளை ஒழித்து வரியை எளிமையாக்குகிறோம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட முறை அது. அதே முறையில் நிறுவனக் காரின் 2,400 ரூபாய் மதிப்பீடு மட்டும் 2026 மார்ச் வரை கீறல் படாமல் தொடர்ந்தது.

2019 ஜூலை 5 அன்று நிதிநிலை அறிக்கை வாசித்த நிர்மலா சீதாராமன், புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய பாட்டை அவையில் எடுத்துக்காட்டினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகத் தந்தால் யானைக்குப் பலநாள் வரும். யானையே வயலில் புகுந்தால் வாய் தின்பதைவிடக் கால் மிதித்து அழிப்பது மிகுதி என்பது அப்பாட்டின் கருத்து. தமிழறிந்தோர் மகிழ்ந்தனர். அடுத்த இரண்டரை மாதத்திற்குள், 2019 செப்டம்பரில், நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அவரே அறிவித்தார். புலவர் அறிவுரை சொன்னது மன்னனுக்கு, வயல் குடிகளுடையது. ஒன்றிய அரசு அதை யானைகளின் பசிக்கு ஆதரவான பாட்டாகப் படித்துக்கொண்டது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனோடு விதிகளும் புதிதாக வகுக்கப்பட்டன. பழைய தொகையோடு சில ஆயிரங்களைக் கூட்டி எழுதிவிட்டு, இன்னொரு பதினாறு ஆண்டு தூங்கப்போவது இந்த முறை அனுமதிக்கப்படக் கூடாது. காரின் மதிப்பு அதன் விலையில் விழுக்காடாக வேண்டும். விலை ஏற ஏற விழுக்காடும் ஏறவேண்டும். தனியொருவரின் வீடு–அலுவலகப் பயணத்தைப் பயனல்ல என்று கூறும் விளக்கம் பேருந்து போன்ற கூட்டுப் போக்குவரத்துக்கு மட்டும் என்று திருத்தப்பட வேண்டும். 2015இல் செல்வ வரியை ஒழித்தபோது, அதில் அடங்கியிருந்த ஆடம்பரக் கார்களும் சேர்ந்தே தப்பின. அவ்வரியை மீட்க வேண்டும் என்ற இடதுசாரிகளின் கோரிக்கையோடு இதுவும் சேரவேண்டியது.

ஓட்டுநரைப் பொறுத்தவரை மதிப்பு என்பது நிறுவனம் அவருக்கு உண்மையில் தரும் ஊதியமாக இருக்கட்டும். அதை எழுத வேண்டுமானால் எவ்வளவு தரப்படுகிறது, முகமை வழியாகவா நேரடியாகவா, வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்பதெல்லாம் அதிகாரியின் வரிப்படிவத்தோடு இணைத்துக் காட்டப்பட வேண்டியிருக்கும். 2026 மார்ச் வரை அந்தக் கேள்விகள் அனைத்துக்கும் 900 என்று ஒரே விடை எழுதினால் போதுமாக இருந்தது.