பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்தது. பாட்டியல் நூல்களின் கணக்கு பொதுவாக 40 வயதோடு முடிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இதை வகுப்பில் ஒப்பிக்கும் நாம், அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று கேட்டதுண்டா?

பூப்பெய்தலுக்குப் பந்தலிட்டு ஊரழைக்கும் நாம், பூப்பு நிற்பதைப் பற்றிப் படுக்கையறையிலும் பேசுவதில்லை. பெரும்பாலோர்க்கு அது 45 முதல் 55 வயதுக்குள் நேர்வது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதபோதே நின்றது என்கிறது மருத்துவம். உடலோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தடுமாறத் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறைகையில் உடல் திடீரெனக் கொதிக்கிறது. நள்ளிரவில் வியர்த்து உறக்கம் கலைகிறது. பிறப்புறுப்பு வறண்டு கூடல் வலியாகிறது.

கணவரோ எரிச்சலைத் திமிர் என்றும் விலகலை வெறுப்பு என்றும் பொருள்கொள்கிறார். ஊடலுக்கு நுண்பொருள் உரைக்கும் தமிழாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். மனைவியோ, 'கிழவியாகிவிட்டாள்' என்று எண்ணிவிடுவாரோ என அஞ்சி வாய்மூடுகிறாள்.

'நம் பாட்டிமார் புலம்பினார்களா?' என்பர். அவர்கள் புலம்பாதது வலியின்மையால் அன்று, கேட்பாரின்மையால்.

கணவர் செய்யவேண்டியவை அரியன அல்ல. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்கட்டும். மருத்துவரிடம் உடன் செல்லட்டும். அவள் உறங்காத இரவின் மறுநாள் அடுப்படியைத் தாம் ஏற்கட்டும். வறட்சிக்கு மருத்துவம் உண்டென இருவரும் அறியட்டும். நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் குருதி கண்டால், வயதின் கோளாறு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டட்டும்.

எட்டாம் பருவத்துக்குப் பெயரிடப் புலவர் வரவேண்டியதில்லை. வீட்டில் இருவரும் பேசத் தொடங்கட்டும்.